ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடினால்: சிறுநீரகத்தைக் காக்கும் உணவுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் என் அத்தை சென்ற ஆண்டு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். அவருக்கு வயது 68. நீரிழிவு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றை ஐம்பது வயதுக்கு முன்பே விட்டுவிட்டவர். தாளில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன: இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 48, ஹோமோசிஸ்டீன் (புரதத்தை உடல் பயன்படுத்தும்போது உண்டாகும் ஒரு பொருள்) 31. முதல் வரியைப் பற்றி மருத்துவர் ஏற்கெனவே அவரிடம் பேசியிருந்தார். இரண்டாவது வரியைப் பற்றி அவர் ஒரு கடையில் விசாரிக்க, அதைக் குறைத்துவிட்டால் சிறுநீரகம் தானாகத் தேறிவிடும் என்று சொல்லி, அதிக அளவு பி வைட்டமின்கள் அடங்கிய ஒரு குப்பியை விற்று அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் குப்பியின் மூடியைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை, செய்ய வேண்டியவை எவை என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஹோமோசிஸ்டீன் கூடியிருக்கிறது என்று சொல்லும் ஓர் எண்ணை முதலில் சரியாகப் படிக்க வேண்டும். அதைத் துரத்திப் பிடித்துக் குறைப்பது வேறு, சிறுநீரகத்தைக் காப்பது வேறு. இரண்டும் சில இடங்களில் சந்திக்கும், சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யும்.

ஹோமோசிஸ்டீன் எங்கிருந்து வருகிறது

நாம் உண்ணும் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இது மிகுதி, பருப்பு வகைகளில் குறைவு. உடல் இதைப் பயன்படுத்தும்போது இடையில் உண்டாகும் பொருள்தான் ஹோமோசிஸ்டீன். 1932-ல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ மெத்தியோனினைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கியபோது இதைக் கண்டறிந்தார்.

உண்டான ஹோமோசிஸ்டீன் உடலில் தங்கக் கூடாது. அது வெளியேற இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதல் வழியில் அது மீண்டும் மெத்தியோனினாக மாற்றப்படுகிறது. அதற்கு ஃபோலேட்டும் வைட்டமின் பி12-உம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பீட்டெய்ன் என்ற பொருளின் துணையுடன் இதே மாற்றம் நடக்கும் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. இரண்டாவது முக்கிய வழியில் அது சிஸ்டீனாக மாறுகிறது. அதற்கு வைட்டமின் பி6 தேவை. இந்த வைட்டமின்களில் ஒன்று குறைந்தாலும் வடிகாலில் அடைப்பு விழுந்ததுபோல ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் தேங்கும். தைராய்டு சுரப்புக் குறைவு, புகைபிடித்தல், அளவு மீறிய மது, நாள் முழுவதும் குடிக்கும் கோப்பி, மெத்தோட்ரெக்சேட், ஃபெனிடோயின் போன்ற சில மருந்துகள் ஆகியவையும் இதைக் கூட்டுகின்றன.

பெரியவர்களுக்கு லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருப்பது பொதுவாக இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. 15 முதல் 30 வரை லேசான உயர்வு, 30 முதல் 100 வரை நடுத்தர உயர்வு, அதற்கு மேல் கடுமையான உயர்வு. நூறைத் தாண்டுவது பெரும்பாலும் ஹோமோசிஸ்டினூரியா என்ற அரிய பரம்பரை நோயிலோ, மிகக் கடுமையான பி12 குறைபாட்டிலோதான். அந்தப் பரம்பரை நோயால் இறந்த குழந்தைகளின் ரத்தக் குழாய்கள் முதியவர்களின் குழாய்களைப்போலத் தடித்திருந்ததைக் கண்ட கில்மர் மெக்கல்லி என்ற மருத்துவர், 1969-ல் ஹோமோசிஸ்டீனே குழாய்களைப் பாழாக்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இன்று வரை நடக்கும் விவாதம் அங்கேதான் தொடங்கியது.

சிறுநீரகத்தோடு என்ன உறவு: காரணமா, விளைவா

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு மில்லியன் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டியும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் ஒரு சிறு முடிச்சு. ஹோமோசிஸ்டீன் மிகும்போது குழாய்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடின் செயல் குறைகிறது, ஆக்சிஜனேற்றச் சேதம் கூடுகிறது, சுவர் விறைப்பாகிறது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வடிகட்டியே குழாய்களின் முடிச்சு என்பதால் இந்தச் சேதம் சிறுநீரகத்தையும் தொடும் என்று எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உறவு மறுபக்கத்திலிருந்தும் வருகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பெரும்பாலோரிடம் அது கூடியே இருக்கும். சிறுநீர் வழியாக வெளியேற முடியாததால்தான் இப்படித் தேங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகமும் மிகச் சொற்ப அளவு ஹோமோசிஸ்டீனையே சிறுநீரில் விடுகிறது. சிறுநீரகம் நலியும்போது, அதன் திசுக்களிலும் உடலின் பிற பகுதிகளிலும் ஹோமோசிஸ்டீனை மாற்றும் வேதிவினைகள் மந்தமாகிவிடுவதே முக்கியக் காரணம்.

ஆகவே சிறுநீரக நோயாளி ஒருவரிடம் ஹோமோசிஸ்டீன் 20 என்று வந்தால், அது நோயை உண்டாக்கிய குற்றவாளியாகவும் இருக்கலாம், நோய் நடந்த இடத்தில் கிடந்த தடயமாகவும் இருக்கலாம். அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. அதனால்தான் அடுத்துவரும் படிகளின் வரிசை முக்கியமாகிறது.

முதல் படி: சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பாருங்கள்

இதைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ரத்தம் எடுத்த பிறகும் குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்திருந்தால் மணிக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு வீதம் எண் ஏறும். குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். நான்கு மணி நேரம் மேசைமேல் கிடந்த குழாயிலிருந்து 15 என்ற எண் 21 ஆக எழுந்து வரலாம்.

அத்தையின் 31-உம் அப்படி வந்ததுதான். எப்படி ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டேன். காலை எட்டு மணிக்கு ஒரு சிறிய மருந்தகத்தில் எடுத்ததாகவும், ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்து குழாய்களை எடுத்துச் சென்றது மதிய உணவுக்குப் பிறகு என்றும், அதுவரை அவை ஒரு நெகிழித் தட்டில் நின்றுகொண்டிருந்ததைத் தாமே பார்த்ததாகவும் சொன்னார். வேறோர் இடத்தில், பனிக்கட்டியில் வைத்து மறுபடி எடுத்தபோது வந்தது 24. அதுவும் உயர்வுதான், ஆனால் 31 கிளப்பிய பீதிக்கு அதில் இடமில்லை.

வெறும் வயிற்றில், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் இருந்து கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்திய இரவு விருந்தில் ஆட்டிறைச்சி பிரியாணி சாப்பிட்டிருந்தால் ஹோமோசிஸ்டீன் மட்டுமல்ல, இ-ஜிஎஃப்ஆரைக் கணக்கிட உதவும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளும் சற்றுத் தூக்கிக் காட்டும். கடுமையான உடற்பயிற்சிக்கு மறுநாளும் அப்படியே.

இரண்டாம் படி: ஒற்றை எண்ணைப் படிக்காதீர்கள்

ஹோமோசிஸ்டீனோடு வைத்துப் பார்க்க வேண்டியவை நான்கு: இ-ஜிஎஃப்ஆர், சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்பதைக் காட்டுவது), பி12, ஃபோலேட். தைராய்டு சோதனையையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ளக்கூடும். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ தொடர்ந்து செல்பவர்களுக்கு முதல் இரண்டும் வழக்கமாகவே எடுக்கப்படுகின்றன. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டவர்கள் தங்கள் பழைய எண்களை அவரிடமே கேட்டு வாங்கலாம். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இ-ஜிஎஃப்ஆர் நிலையாக நிற்கிறதா சரிகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இ-ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 45 முதல் 59 வரை மூன்றாம் நிலையின் முற்பகுதி, 30 முதல் 44 வரை அதன் பிற்பகுதி, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, அதற்கும் கீழே ஐந்தாம் நிலை. அல்புமின் விகிதம் மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால், இ-ஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தாலும் வடிகட்டியில் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். என் கருத்தில் இந்தக் கசிவு எண், ஹோமோசிஸ்டீன் எண்ணைவிடப் பல மடங்கு கவனத்துக்குரியது. ஆனால் அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

இனி இவற்றைச் சேர்த்துப் படிக்கலாம். இ-ஜிஎஃப்ஆர் இயல்பாக இருந்து, பி12 குறைந்து, ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தால் பிரச்சினை சத்துக் குறைபாடு. பி12-உம் ஃபோலேட்டும் நிறைவாக இருந்து, இ-ஜிஎஃப்ஆர் 40 என்று இருந்தால், கூடுதல் ஹோமோசிஸ்டீன் பெரும்பாலும் சிறுநீரகத்தின் பங்கு. இரண்டும் கலந்திருப்பவர்கள்தான் நம்மிடையே மிகுதி. அத்தையின் பி12 லிட்டருக்கு 128 பிகோமோல் என்று வந்தது. 150-க்குக் கீழே போனால் பொதுவாகக் குறைபாடு என்றே கொள்வார்கள்.

மரபணுச் சோதனை செய்துகொள்ளுமாறு சிலர் சொல்வார்கள். எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் ஒரு வகை மாற்றம் உடையவர்களுக்கு, ஃபோலேட் குறையும்போது ஹோமோசிஸ்டீன் எளிதில் ஏறும் என்பது உண்மை. ஆனால் அது தெரிந்தாலும் செய்ய வேண்டியது போதிய ஃபோலேட் உண்பதுதான். பெரும்பாலோருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

மூன்றாம் படி: பி12 எங்கே தொலைந்தது

மரக்கறி உண்பவர்களுக்கு மெத்தியோனின் குறைவாகவே சேர்வதால் ஹோமோசிஸ்டீனும் குறைவாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில் பல நேரங்களில் நேர்மாறாக இருக்கிறது. பி12 இயற்கையாக விலங்கு சார்ந்த உணவுகளில்தான் கிடைக்கிறது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றைத் தவிர, கீரையிலோ பருப்பிலோ இட்லி மாவிலோ நம்பத்தக்க அளவு கிடையாது. சுருள்பாசி மாத்திரையில் இருப்பதாகச் சொல்லப்படும் பி12-இல் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருப்பதாலோ, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மரக்கறி உண்பதாலோ யாருக்கும் பி12 தீர்ந்துவிடாது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு உண்டு. பல ஆண்டுகள் மரக்கறி மட்டுமே உண்டு, பாலும் தயிரும் குறைவாகச் சேர்த்தவர்களிடம்தான் இருப்பு மெல்லக் கரைகிறது. அதோடு நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் குடல் பி12-ஐ ஏற்பது குறையும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போன்றவற்றை நீண்ட காலம் எடுத்தாலும் அப்படியே. முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. இந்த நான்கில் மூன்று அத்தையிடம் இருந்தன. காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று அவர் ஈராண்டுகளாகச் சொல்லிவந்ததை எல்லாரும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டோம்.

நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். இரண்டு குவளைப் பாலும் ஒரு கிண்ணத் தயிரும் ஏறத்தாழ அதைத் தந்துவிடும். ஆனால் குறைபாடு வந்தபின் உணவால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ மருத்துவர் தருவார். இங்கே ஓர் எச்சரிக்கை: பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மட்டும் எடுத்தால் ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். பி12-ஐப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் தொடங்கக் கூடாது.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை கட்டுமீறினால் சிறுநீரகத்துக்கு வரும் கேடு, ஹோமோசிஸ்டீன் செய்யக்கூடிய எதையும்விடப் பெரிது. மருந்தைத் தொடர்ந்துகொண்டே பி12-ஐ அவ்வப்போது சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: ஃபோலேட்டும் கீரை வெந்த தண்ணீரும்

இந்தப் படியில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் முரண்பாடு இங்கேதான் இருக்கிறது.

ஃபோலேட்டுக்கு நம் சமையலறையைவிட நல்ல இடம் அரிது. பாசிப்பருப்பு, உளுந்து, கொண்டைக்கடலை, முளைக்கீரை, பசலை, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கப்பில் ஏறத்தாழ 320 மைக்ரோகிராம் உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400. ஆனால் ஃபோலேட் தண்ணீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது. பசலைக்கீரையைக் கொதிநீரில் போட்டு வேகவைத்து நீரை ஊற்றிவிட்டால் ஏறக்குறைய பாதி ஃபோலேட் அந்த நீரோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் இழப்பு மிகக் குறைவு.

சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை இதற்கு எதிராக இருக்கிறது. நலிந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தவர்கள் காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். பொட்டாசியம் கணிசமாக இறங்குவது உண்மை. ஆனால் அதே நீரில் ஃபோலேட்டும் பி6-உம் இறங்கிவிடுகின்றன.

ஒரு சனிக்கிழமை அத்தையின் சமையலறையில் நின்று பார்த்தேன். தேக்கா சந்தையில் காலையில் வாங்கிய முளைக்கீரைக் கட்டை நறுக்கி, பெரிய பானையில் வேகவைத்து, வடித்து, மறுபடியும் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, மறுபடியும் வடித்தார். தொட்டியில் ஓடிய தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. சட்டியில் எஞ்சியது சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி. “இப்படிச் செஞ்சாத்தான் கிட்னிக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க தம்பி, பருப்பையும் நிறுத்திட்டேன்” என்றார். அவருடைய பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் 4.3. மேல் எல்லையான 5-ஐ அது நெருங்கக்கூட இல்லை. தமக்கில்லாத ஒரு பிரச்சினைக்காக இரண்டு ஆண்டுகளாகத் தம் ஃபோலேட்டைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்கள் பொட்டாசியம் எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அது இயல்பாக இருந்தால் கீரையைச் சிறிதளவு நீரில் மூடி வேகவைத்து, அந்த நீரோடு கடைந்து உண்ணலாம். பருப்பை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. அளவாக, ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைத்து உண்ணலாம். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டியவர்கள், மருத்துவர் எச்சரித்தவர்கள், வடித்தே உண்ண வேண்டும். அவர்களுக்கு ஃபோலேட் இழப்பைக் கணக்கில் கொண்டு மருத்துவரே சிறிய அளவு மாத்திரை தரக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் நீரில் கரையும் வைட்டமின்கள் சுத்திகரிப்பின்போதும் வெளியேறுவதால் அவர்களுக்கென்று தனி மாத்திரைகள் எழுதப்படுகின்றன.

இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான். நட்சத்திரப்பழம் எனப்படும் பெலிம்பிங் மட்டும் விதிவிலக்கு. அதில் உள்ள நச்சுப்பொருளைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாதபோது விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை போகும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. சிறுநீரக நோய் எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பழத்தைத் தொட வேண்டாம்.

ஐந்தாம் படி: புரதத்தை அளந்து உண்ணுங்கள், பட்டினி கிடக்காதீர்கள்

ஹோமோசிஸ்டீன் புரதத்திலிருந்து வருகிறது என்று கேட்டவுடன் புரதத்தையே ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது தசையைத் தேய்க்கும். முதியவர்களைப் படுக்கையில் தள்ளும். மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது இப்போதைய பன்னாட்டு வழிகாட்டுதல். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குத் தேவை கூடி, 1.0 முதல் 1.2 கிராம் வரை ஆகிவிடுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல், டயாலிசிஸ் செய்யும் தந்தைக்கு முன்னைப்போலவே முட்டையை மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 48 கிராம். காலையில் மூன்று இட்லியும் அரைக் கிண்ணம் சாம்பாரும் 10 கிராம். மதியம் சோறு, உள்ளங்கையளவு மீன், கீரை, சிறிது தயிர் சேர்த்து 28. இரவில் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் பருப்பும் 12. ஏறத்தாழ 50 ஆகிவிட்டது. இதற்கு மேல் மாலையில் முட்டை பிராட்டாவோ, உடற்பயிற்சிக்காக வாங்கி வைத்த புரதப்பொடியோ தேவையில்லை. பருப்பு வழிப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. நலிந்த சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பாஸ்பரஸ் அதில் இருந்தாலும், உடல் அதை முழுமையாக ஏற்பதில்லை. பதப்படுத்திய உணவுகளில் சேர்க்கும் பாஸ்பேட்டோ எளிதில் உறிஞ்சப்படுகிறது. மீன் உருண்டை, சாசேஜ், கோலா ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

ஆறாம் படி: உப்பு

2022-ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள். வரம்பு 2,000 மில்லிகிராம். அதாவது ஐந்து கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. ரத்த அழுத்தம் கூடிய நிலையில் ஹோமோசிஸ்டீனை 24-இலிருந்து 17-க்குக் கொண்டுவந்து என்ன பயன்? ஊறுகாய், அப்பளம், கருவாடு, நெத்திலி, பெலாச்சான், சோயா சாஸ் ஆகியவற்றில் உப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உணவங்காடி நிலையத்தில் மீ சூப்பையோ மீ ரெபுஸையோ வாங்கினால் குழம்பைக் குடிக்காமல் விட்டுவிடுவது மிக எளிய வழி. தோசைக்கு மூன்றாவது கரண்டிச் சாம்பாரைக் கேட்காமல் இருப்பது இரண்டாவது.

கடைகளில் இப்போது சோடியம் குறைந்த உப்பு பரவலாகக் கிடைக்கிறது. பொதுமக்களுக்கு அது நல்ல மாற்று. ஆனால் அவற்றில் பல, சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கொண்டவை. சிறுநீரக நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு எனாலாபிரில், லோசார்டன் போன்றவற்றை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பிப் படித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

ஏழாம் படி: அந்தக் குப்பியை என்ன செய்வது

ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் சிறுநீரகம் தேறுமா என்ற கேள்வி நேரடியாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் முற்றிய சிறுநீரக நோயுள்ள 2,056 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், மிக அதிக அளவு பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனை ஏறத்தாழ கால் பங்கு குறைத்தன. இறப்பு விகிதத்தில் மாற்றம் இல்லை. கனடாவில் நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு இன்னும் அதிர்ச்சியானது. ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் தினமும் உட்கொண்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் குறைந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய வடிகட்டும் திறன் 16.5 புள்ளிகள் சரிந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை உட்கொண்டவர்களுக்குச் சரிவு 10.7 மட்டுமே. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் வைட்டமின் உட்கொண்டவர்களிடம் அதிகமாக இருந்தன.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. சீனாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 15,104 பேரிடம் எனாலாபிரிலோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மட்டும் தந்து பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. எனாலாபிரில் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் சிறுநீரக நோய் முற்றும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைந்திருந்தது. தொடக்கத்திலேயே லேசான சிறுநீரக நோய் இருந்தவர்களிடம் பலன் இன்னும் கூடுதல். ஏன் இந்த வேறுபாடு? சீனாவில் பங்கேற்றவர்கள், அமெரிக்கா, கனடாவில் உள்ளவர்களைப்போல ஃபோலேட் சேர்த்த மாவு உண்ணாதவர்கள். அவர்களிடம் நிரப்ப ஒரு குறை இருந்தது. தந்த அளவும் சிறியது, பி12 சேர்க்கவில்லை. பல பி12 மாத்திரைகளில் இருக்கும் சயனோகோபாலமின் என்ற வடிவம், சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அதிக அளவில் தீங்காக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: குறை இருந்தால் குறையின் அளவுக்கு நிரப்புங்கள், குறை இல்லாதபோது எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் குவிக்காதீர்கள். 2020-இல் வெளியான அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதலும், ஹோமோசிஸ்டீன் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் வழக்கமாக ஃபோலேட் தர வேண்டாம் என்றே சொல்கிறது. அத்தை வாங்கிய குப்பியில் ஒரு மாத்திரையில் பி6 மட்டும் 100 மில்லிகிராம் இருந்தது. நாள் தேவை இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. நீண்ட காலம் அதிக பி6 எடுத்தால் அதுவே கால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். ஏற்கெனவே எறும்பு ஊரும் காலுக்கு அது வேண்டாம் என்று குப்பியை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எடுத்துவரும் எல்லாவற்றையும், பெயர் தெரியாத லேகியம், வேர்ப்பொடி உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மூட்டுவலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை அடிக்கடி விழுங்குவதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எட்டாம் படி: மறுபடி எப்போது பார்ப்பது

பி12 அல்லது ஃபோலேட் குறைபாட்டுக்குச் சிகிச்சை தொடங்கினால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்து ஹோமோசிஸ்டீனை மறுபடி பார்க்கலாம். அதற்கு முன் பார்ப்பது பணச் செலவு. இ-ஜிஎஃப்ஆர், அல்புமின் கசிவு, பொட்டாசியம் ஆகியவற்றுக்கான இடைவெளியை நோயின் நிலையைப் பொறுத்து மருத்துவர் தீர்மானிப்பார்.

அத்தைக்கு மூன்று மாதங்கள் கழித்து, பனிக்கட்டியில் வைத்து எடுத்த ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் 17. பி12 இயல்புக்கு வந்திருந்தது. இ-ஜிஎஃப்ஆர் 47, ஏறவும் இல்லை, பெரிதாக இறங்கவும் இல்லை. 15-க்கு மேல் மிஞ்சிய அந்த இரண்டு, சிறுநீரகம் தன் பங்குக்கு வைத்துக்கொண்டது என்று மருத்துவர் விளக்கி, இனி அந்தச் சோதனையே வேண்டாம், ரத்த அழுத்தக் குறிப்பேட்டை மட்டும் தவறாமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். காலில் எறும்பு ஊர்வது பாதி குறைந்திருக்கிறது. சனிக்கிழமைக் கீரை இப்போது அரை டம்ளர் தண்ணீரில், மூடி போட்டு, பாசிப்பருப்போடு சேர்ந்து வேகிறது.